4007 போட்டா எல்லாம் சரியாயிடும்

பேராண்டி, இடுப்புல மஞ்சள் மீட்டரைத் தொங்கவிட்டுக்கினு நீ நடக்கற நடையைப் பாத்தா, இந்த ஊரு கரண்டே உன் பர்மிஷன்லதான் ஓடுதுன்னு தோணுது. நல்லா இரு. அம்பத்தூர் ஓ.டி.யில கடை புடிச்சி, "அனைத்து வகை போர்டுகளும் பழுது பார்க்கப்படும்"னு பேனரும் கட்டிட்ட. மத்தவன்லாம் போர்டையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்கன்னு சொல்ற காலம் இது. பழுது பாக்கறேன்னு ஒருத்தன் கெளம்பினதுக்கே உனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கித் தரணும். வாங்கிக் குடி, காசை மட்டும் நீயே குடுத்துடு.

நான் என்னா படிச்சவனா? ஏரித் தண்ணியில நெல்லு போட்ட குடும்பம். 1964-ல எஸ்டேட்டு, அதான் இந்தத் தொழிற்பேட்டை, வந்துச்சி, அப்பால மாட்டை வித்துட்டு மோட்டார் காயில் சுத்தப் போனவன். அதனால நான் சொல்றதை நீ கேட்டே ஆவணும்னு ஒண்ணும் இல்ல. சும்மா காதுல போட்டு வை. எதுக்குச் சொல்றேன்னா, டையோடு மாத்தறதுல நீ பெரிய கில்லாடின்னு ஊரெல்லாம் பேசறாங்க. ஒரே போர்டுல ஒரே டையோடை எத்தினி வாட்டி மாத்தினன்னும் சேத்துப் பேசறாங்க.

டையோடுன்னா என்னான்னு உன் வாத்தியாரு படம் போட்டுக் காட்டியிருப்பாரு. எனக்குத் தெரிஞ்ச படம் கிணத்துல இருக்கற ஃபுட் வால்வு. தண்ணி மேல ஏறும், கீழ எறங்காது. அதுல சின்னக் கல்லு ஒண்ணு சிக்கினா வெளிய எதுவும் தெரியாது. ராத்திரி பூரா சொட்டு சொட்டா எறங்கி, விடிஞ்சி பாத்தா பைப்பு காலி, மோட்டாரு வெறுமனே கத்தும். டையோடும் அப்படித்தான் கெடும். ஒண்ணு, அடைச்சிக்கினு எந்தப் பக்கமும் விடாது. இல்லனா தொறந்தபடியே நின்னு ரெண்டு பக்கமும் விடும். இந்த ரெண்டையும் எவனும் கண்டுபுடிச்சிடுவான். மூணாவது கசியறது. அதுதான் உன் மஞ்சள் மீட்டருக்குத் தண்ணி காட்டும்.

இது என்னமோ நேத்து வந்த சாமான்னு நெனைக்காத. ஒரு கல்லு ஒரு பக்கமாத்தான் கரண்டை நல்லா விடுதுன்னு பிரௌன்னு ஒரு ஜெர்மன்காரரு 1874-லயே பாத்துட்டாரு. அந்த மாதிரி கலீனா கல்லை வெச்சி ரேடியோ அலையைப் புடிச்சிக் காட்டி, 1904-ல அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்கினவரு நம்ம கல்கத்தா ஜகதீஷ் சந்திர போஸ். நம்ம பக்கத்தையே எடுத்துக்கயேன். ஆவடி கார் ஷெட்டுக்கு வந்து போன பழைய மின்சார ரயிலு, தலைக்கு மேல கம்பியில 25,000 வோல்ட்டு ஏசியை வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர்ல எறக்கி, டையோடு வழியா டிசி ஆக்கித்தான் மோட்டாரைச் சுத்திச்சி. உன் கடை வாசல்ல எரியற எல்.இ.டி. பல்பே டையோடுதான். அதுல நீல வெளிச்சத்தைக் கொண்டாந்ததுக்கு 2014-ல நோபல் பரிசு குடுத்தாங்க. நீ அதை "பல்பு போச்சு, வேற வாங்குங்க"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிச்சிடற.

சரி, உன் டெஸ்டிங்குக்கு வருவோம். செவப்பு ஊசியைக் கோடு இல்லாத பக்கம், கருப்பு ஊசியை வெள்ளிக் கோடு போட்ட பக்கம். மீட்டருல 0.58. திருப்பி வெச்ச, ஓ.எல். நல்ல டையோடு. சிலிக்கானுக்கு 0.5-லேருந்து 0.7 வரைக்கும் வரும். ரெண்டு பக்கமும் சைபர் காட்டி பீப் அடிச்சா ஷார்ட்டு. ரெண்டு பக்கமும் ஓ.எல். வந்தா ஓப்பன், எந்தப் பக்கமும் விடாது. இதுவரைக்கும் உன்னைக் குத்தம் சொல்ல முடியல, எனக்கே வருத்தம்தான்.

அப்பறம் என் பழைய முள்ளு மீட்டரைக் குடுத்து அதே டையோடை இதுல பாருன்னேன். ஓம்ஸ்ல வெச்சிப் பாத்தே. திருப்பிப் பாத்தே. மொகத்தைச் சீரியஸா வெச்சிக்கினு, "தாத்தா, கம்பெனிக்காரன் கோட்டைத் தப்பான பக்கம் போட்டுட்டான்"ன. அட ராசா! கோடு ஒழுங்காத்தான் இருக்கு. முள்ளு மீட்டரை ஓம்ஸ்ல போட்டா உள்ள இருக்கற பேட்டரியோட பிளஸ் கருப்பு ஊசிக்குத்தான் வரும், மைனஸ் செவப்புக்கு. டிஜிட்டல்ல அதுக்கு நேர் எதிரு. எங்க காலத்துல பிளஸ் எல்லாம் கருப்புலதான் இருந்துச்சி, அப்ப எஸ்டேட் பக்கம் மனை வாங்கினவங்களை வேணா கேட்டுப் பாரு. எந்த மீட்டரு கையில கெடைச்சாலும் தெரிஞ்ச நல்ல டையோடு ஒண்ணை வெச்சி முதல்ல அதுக்கு எது பிளஸ்னு பாத்துக்க. ரெண்டு நிமிஷ வேலை, மானம் மிஞ்சும்.

இன்னொண்ணு. எல்லா டையோடும் 0.6 காட்டாது. ஷாட்கி டையோடு 0.2, 0.3-தான் காட்டும், அது அதோட குணம். அதைப் பாத்துட்டு "வீக்காயிடுச்சி"ன்னு கழட்டி, நல்ல ஷாட்கியைக் குப்பையில போட்டுட்டு, அந்த எடத்துல சாதா 4007 டையோடைப் போட்ட ஒரு ஆளு எனக்குத் தெரியும். பேரு சொல்ல மாட்டேன். அவன் மீட்டரு மஞ்சள் கலர்.

போர்டுல இருக்கறப்பவே ஊசி வெச்சிப் பாத்துட்டு "ஷார்ட்டு"ன்னு தீர்ப்புச் சொல்ற பழக்கமும் உன்கிட்ட இருக்கு. டையோடுக்குப் பக்கத்துலயே டிரான்ஸ்ஃபார்மர் காயில் இருந்தா மீட்டரு அது வழியா சுத்திக்கினு போயி உன்னை ஏமாத்தும். ஒரே ஒரு காலை மட்டும் ஈயம் உருக்கித் தூக்கு, அப்பறம் பாரு. ரெண்டு காலையும் கழட்ட வேணாம். சோம்பேறிக்கும் ஏத்த வழிதான், உனக்குச் சரியா வரும்.

கையை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு சேதி. இதுல மட்டும் நான் கிண்டல் பண்ண மாட்டேன். பிளக்கைப் புடுங்கிட்டா எல்லாம் செத்துடுச்சின்னு நெனைக்காத. 230 வோல்ட்டு ஏசியை நேரா டையோடுல விட்டா உச்சம் 325 வோல்ட்டு வரைக்கும் போவும். அது அப்படியே பெரிய கெப்பாசிட்டருல தங்கிடும், யாரு வருவான்னு காத்திருக்கும். அதை ஸ்குரூ டிரைவரால "டப்"னு அடிச்சிக் காட்டறது உங்க செட்டுக்கு ஒரு வீர வெளையாட்டு. முனை கருகும், போர்டுல தாமிரக் கோடு பறக்கும், கண்ணுல பொறி பட்டா டாக்டருக்குப் போவணும். ஒரு பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பை, ரப்பர் ஒழுங்கா இருக்கற ரெண்டு ஒயரோட எடுத்துக் கெப்பாசிட்டரோட ரெண்டு காலுல வை. மினுக்கிட்டு அணையும். அப்பறம் மீட்டரை டிசி வோல்ட்டுல வெச்சி சைபர்னு கண்ணால பாத்துட்டு, அதுக்கப்பறம் தொடு.

அந்தக் குண்டு பல்பைத் தூக்கிப் போடாத, இன்னும் வேலை இருக்கு. கசியற டையோடைப் பத்திச் சொன்னேன்ல. உன் மீட்டரு டையோடுக்குக் குடுக்கறது ரெண்டு மூணு வோல்ட்டு. அந்த அளவுக்கு எந்தத் திருடனும் நல்லவனாத்தான் நடிப்பான். மெயின்ஸ்ல வேலை பாக்கற 4007 மாதிரி ஆளை, 230 வோல்ட்டுல குண்டு பல்போட சீரிஸ்ல போட்டுப் பாத்தாத்தான் உண்மை வெளிய வரும். நல்ல டையோடுன்னா ஒரு பக்க அலைதான் போவும், பல்பு மங்கலா எரியும். முழுசா எரிஞ்சா அது ஷார்ட்டு, மீட்டருல நல்லவனா நடிச்சிருந்தாலும். எரியவே இல்லனா ஓப்பன். ஷாட்கி, சின்ன கண்ணாடி டையோடையெல்லாம் இதுல மாட்டாத, அதுக்குத் தாங்கற சக்தி இல்ல, உன் கண்ணு முன்னாடியே செத்துடும். இந்த டெஸ்ட்டை என் பக்கத்துல உக்காந்து பழகு, தனியா வேணாம். உங்கம்மா கிட்ட பதில் சொல்ற வயசு எனக்கு இல்ல.

இப்ப உன் குலதெய்வம் 4007. ஒரு ரூபா, ரெண்டு ரூபாய்க்குக் கெடைக்குது, டப்பா நெறைய வெச்சிருக்க, எது செத்தாலும் அதைப் போடற. நியாயந்தான், பாதி எடத்துல. ஒரு ஆம்பியர், 1000 வோல்ட்டு தாங்கும். 4001-ம் அதே ஒடம்பு, ஆனா 50 வோல்ட்டுதான். அந்த எடத்துல 4007 போடலாம், தாராளமா. மெயின்ஸ்ல 4007 இருந்த எடத்துல 4001 போட்டா சுவிட்ச் போட்ட உடனே தீபாவளி. மூணு ஆம்பியர் 5408 இருந்த எடத்துல ஒரு 4007 பத்தாதுன்னு உனக்கும் தெரிஞ்சிருக்கு. அதுக்காக மூணு 4007-ஐ ஒண்ணா முறுக்கிப் போட்டியே, அந்த மூளையைத்தான் மெச்சிக்கணும். மூணு பேரும் சமமாச் சொமப்பான்னு நெனைச்சிட்ட. டையோடு சூடாச்சின்னா இன்னும் சுலபமா கரண்டை விடும். எவன் முதல்ல சூடாவறானோ அவன் தலையில எல்லாம் ஏறும், அவன் போவான், அப்பறம் அடுத்தவன்.

இதைவிடப் பெரிய கூத்து எஸ்.எம்.பி.எஸ்.ல நடந்துச்சி. நம்ம வீட்டுக் கரண்டு ஒரு நொடிக்கு 50 வாட்டி சுத்து வரும். அந்த வேகத்துக்கு 4007 நிதானமா மூடித் தொறக்கும். எஸ்.எம்.பி.எஸ். உள்ள, டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தாண்ட பக்கம், நொடிக்குப் பல்லாயிரம் வாட்டி மாறுது. அங்க 4007 போட்டா வால்வு மூடறதுக்குள்ள தண்ணி திரும்பி வந்துடும். மூடாத நேரம் பூரா சூடு. நீ போட்ட அன்னிக்கி ஓடுச்சி. கஸ்டமரு எடுத்துக்கினு போயி, சாம்பாரு கொதிக்கற நேரத்துக்குள்ள கருகல் நாத்தத்தோட திரும்பி வந்தாரு. அங்க எஃப்.ஆர். 107-ஓ யு.எஃப். 4007-ஓ ஷாட்கியோ என்னா இருந்துச்சோ, அதையேதான் போடணும். ஒடம்பு ஒண்ணா இருக்குன்னு ஆளை மாத்தி வைக்கறது கல்யாண புரோக்கரு வேலை, அதுல வேணா உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு.

பத்து வைக்கறது சுலபம். 25 வாட்ஸ் அயர்ன் போதும். காலை நோஸ் பிளேயரால புடிச்சிக்க, சூடு உள்ள போவாது. வெள்ளிக் கோடு எந்தப் பக்கம்னு கழட்டறதுக்கு முன்னாடியே செல்போன்ல போட்டோ எடுத்துக்க. ரீல்ஸ் எடுக்கற போனு ஒரு நாளாவது ஒழைக்கட்டும். பெரிய டையோடைப் போர்டோட ஒட்ட வைக்காத, கொஞ்சம் ஒசத்தி வை, அடியில காத்து போவட்டும். பிரிட்ஜுல நாலுல ஒண்ணு செத்திருந்தா நாலையும் மாத்து. மிச்ச மூணும் அதே அடியை வாங்கினதுதான், வெளிய சொல்லாம நிக்குது.

இவ்ளோதான் டையோடு மாத்தறது. இதுவரைக்கும் சொன்னதை எந்த வாத்தியாரும் சொல்லுவாரு. டையோடைக் கொன்னவன் எவன்னு நீ கேக்கவே மாட்டேங்கறியே, அங்கதான் எனக்கு உன் மேல கோவம். எய்தவன் இருக்க அம்பை நொந்துக்கினு, புது அம்பு வாங்கிச் சொருகிட்டு பில்லு போடற.

அந்த லோடு வண்டி டிரைவரை ஞாபகம் இருக்கா? திருமழிசை பக்கத்துலேருந்து கோயம்பேட்டுக்குக் கீரைக்கட்டு ஏத்திக்கினு போறவரு. தெனம் காலையில வண்டி ஸ்டார்ட் ஆவல. நீ மீட்டரு வெச்சி, "பேட்டரி போச்சுண்ணே"ன. மனுஷன் புது பேட்டரி போட்டாரு. அதுவும் விடிஞ்சா காலி. ஆல்டர்னேட்டருன்னு ஒண்ணு இருக்கே, நம்ம பாடி லூகாஸ் ஸ்டாப்பிங்ல எறங்கினா எதிருல கம்பெனியே இருக்கே, அது செய்யற சாமான், அதை நீ தொட்டுக்கூடப் பாக்கல. அந்தக் காலத்து டைனமோவுல கட்-அவுட்டு இருக்கும். ஆல்டர்னேட்டருக்கு உள்ளயே ஆறு டையோடு, மூணு மேல தட்டுல, மூணு கீழ தட்டுல. வர்ற த்ரீ ஃபேஸ் ஏசியை டிசி ஆக்கறதும் அதுதான், வண்டி நிக்கறப்ப பேட்டரி திரும்பி வடியாம காவல் இருக்கறதும் அதுதான். அதுல ஒண்ணு கசிஞ்சா ராத்திரி பூரா பேட்டரி வடியும்.

கண்டுபுடிக்க ராக்கெட் விடணுமா? இஞ்சினை நிறுத்து. எல்லாத்தையும் அணை. பேட்டரி மைனஸைக் கழட்டி, நடுவுல மீட்டரை ஆம்பியர்ல போட்டுப் பாரு. ஊசியை 10 ஆம்பியர் ஓட்டையில சொருகினியான்னு பாத்துக்க, அதோட சாவியைத் திருப்பிடாத, மீட்டரு ஃபியூஸ் போயிடும். சில பத்து மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா குத்தமில்ல. அரை ஆம்பியர் காட்டுச்சின்னா ஆல்டர்னேட்டரு பெரிய ஒயரைக் கழட்டு. கரண்டு கீழ விழுந்துச்சின்னா திருடன் உள்ளதான் இருக்கான். மீட்டரை எடுத்துட்டு, ஒயரையும் பேட்டரி மைனஸையும் திரும்ப மாட்டி, இஞ்சினை ஓட விட்டு வோல்ட்டேஜும் பாரு, 13.8-லேருந்து 14.5 வரைக்கும் நிக்கணும்.

சரி, தட்டை மாத்தியாச்சி. கொன்னவன் எவன்? நான் டிரைவருக்கு டீ வாங்கிக் குடுத்துப் பேச்சுக் குடுத்தேன். கோயம்பேட்டுல ஒரு ராத்திரி பேட்டரி எறங்கி, பக்கத்து வண்டியிலேருந்து கேபிள் போட்டிருக்காங்க. இருட்டுல பிளஸ்ஸும் மைனஸும் மாறி ஒரு பொறி பறந்திருக்கு. "டக்குனு எடுத்துட்டேங்க, ஒண்ணும் ஆவல"ன்னாரு. பேட்டரி திருப்பிப் பட்டா ஆறு டையோடும் ஒரே நேரத்துல வழி விட்டுடும், அந்தக் கரண்டுக்கு அளவே கெடையாது. சிலது அன்னிக்கே சாவும், சிலது கசிஞ்சிக்கினே பொழைக்கும். இந்தச் சேதி மீட்டருல வராது. டீக்கடையிலதான் வரும்.

இன்னொரு கொலையையும் கேளு. எஸ்டேட்டுல ஒரு பட்டறை. மெஷின்ல 24 வோல்ட்டு சோலனாய்டு வால்வு. அதை ஓட்டற கார்டு அடிக்கடி போவுது. ஒவ்வொரு வாட்டியும் ஆயிரக்கணக்குல செலவு, ஒவ்வொரு வாட்டியும் புதுக் கார்டு. நான் போயி கார்டைப் பாக்கவே இல்ல, வால்வு கனெக்டரைத் தொறந்தேன். உள்ள காயிலுக்குக் குறுக்க ஒரு டையோடு இருக்கணும், கோடு பிளஸ் பக்கம் பாத்து. இல்ல. எப்பவோ கனெக்டரு ஒடஞ்சிருக்கு, மலிவா ஒண்ணு வாங்கி மாட்டியிருக்காங்க. காயிலுக்குக் கரண்டை நிறுத்தின நொடியில, அது சும்மா விடாது, நூத்துக்கணக்குல வோல்ட்டைத் திருப்பி அடிக்கும். குறுக்க டையோடு இருந்தா அந்த அடி அதுக்குள்ளயே சுத்தி அடங்கிடும். இல்லனா கார்டுல இருக்கற டிரான்சிஸ்டரு வாங்கிக்கும். அங்க உன் 4007-ஐயே போட்டேன், போதும். கோட்டைத் திருப்பிப் போட்டுடாத, 24 வோல்ட்டும் நேரா ஷார்ட்டாவும். அந்தப் பட்டறைக்காரரு என்னைப் பெரிய மந்திரவாதின்னு நெனைச்சிட்டாரு, நானும் இல்லன்னு சொல்லல.

மழைக்கு வருவோம், அது இல்லாம நம்ம ஊரு ரிப்பேரு கதை முடியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எஸ்டேட்டுல மெஷினுங்க தண்ணியில நின்னுச்சி. தண்ணி வடிஞ்ச ஒடனே ஓனருங்களுக்கு ஒரே அவசரம், டெலிவரி இருக்கு, சுவிட்சைப் போடுன்னாங்க. போட்டாங்க. பிரிட்ஜு டையோடு பட்டாசு. உன் மாதிரி புள்ளைங்க டையோடு மாத்தினாங்க, போட்டாங்க, திரும்பப் பட்டாசு. போர்டு மேல பாத்தா காஞ்சிருக்கு, ஐ.சி. காலுக்கு அடியில சேறு ஈரமா ஒக்காந்திருக்கு. டையோடு அங்க என்னா பண்ணும் பாவம்?

போர்டை நல்ல தண்ணியில கழுவு. ஆமா, தண்ணியிலதான், முழிக்காத. சேத்தை விடத் தண்ணி ஒண்ணும் கெடுதல் இல்ல. அப்பறம் ஐ.பி.ஏ. ஆல்கஹால் ஊத்தி பிரஷ்ஷால தேய். இளஞ்சூட்டுல நல்லா காய விடு, ஓனரு போன் பண்ணா எடுக்காத. மோட்டாருக்கு இன்சுலேஷன் பாக்க மெக்கர் போடறப்ப டிரைவ்ல இருந்து ஒயரைக் கழட்டிட்டுப் போடு. இல்லனா 500 வோல்ட்டு நேரா டிரைவுக்குள்ள போயி, வெள்ளத்துல பொழைச்ச டையோடையும் நீயே கொன்னுடுவ. கடைசியா பவர் சப்ளையை முதல் வாட்டி போடறப்ப அந்தக் குண்டு பல்பை லைன்ல சீரிஸ்ல வை. உள்ள இன்னும் ஷார்ட்டு இருந்தா பல்பு பளிச்சுனு எரியும், டையோடு தப்பிக்கும். ஒரு வாட்டி மினுக்கி அடங்கினா தைரியமா நேரா குடு. கடையில இந்தப் பல்பு இப்ப சுலபமா கெடைக்கறதில்ல, அதனால உன் கிட்ட இருக்கறதை உங்க பாட்டி கண்ணுல படாம வை. அவ எடைக்குப் போட்டுடுவா.

பில்லு போடறதுலயும் நீ பச்சைப் புள்ளை. "டையோடு ரெண்டு ரூபா, சர்வீஸ் ஐநூறு"ன்னு எழுதற. ஓனரு அந்த ரெண்டு ரூபாயைத்தான் பாப்பாரு, ஐநூறுக்கு நெஞ்சு அடைச்சிக்கும். தனித்தனியா எழுதாத. கழட்டின டையோடை மட்டும் கையில குடுக்காத, அது கண்ணுக்கே தெரியாது. கூட மாத்தின கெப்பாசிட்டரையும் கவர்ல போட்டுக் குடு, அது குண்டா இருக்கும். நம்ம ஊருல பாதிப் பேரு எடை பாத்துத்தான் காசு குடுப்பாங்க. கேரண்டி எவ்ளோ நாளுன்னு கட்டாயம் கேப்பாரு. பயப்படாத, அடுத்த மழை வரைக்கும்னு சொல்லு.